ஐஸ் வண்டிப் பக்கத்துலதான் நின்னேன்

என்ன சார், ஏறுனதுலேர்ந்து என் சட்டையையே பாக்குறீங்க? பாருங்க, பாருங்க, தப்பில்ல. டிரைவரே கண்ணாடியில ரெண்டு மூணு தடவ பாத்துட்டாரு. மஞ்ச. சும்மா மஞ்ச இல்ல, கண்ணக் கூசுற மஞ்ச. அதுல செவப்புல அன்னாசிப் பழம். இந்த வயசுல ஒரு ஆம்பள போடுற சட்டையா இதுன்னுதான நெனைக்கிறீங்க? காட்டன் சார். நல்லா காத்தோட்டமா இருக்கும். அதுக்காகத்தான் போட்டிருக்கேன். வேற ஒண்ணுமில்ல.

அந்தப் பெட்டிய இப்படி ஓரமாத் தள்ளிடுறேன், நீங்க தாராளமா கால நீட்டிக்குங்க. திருச்சி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் ஏர்போர்ட்டு. லீவு முடிஞ்சிருச்சு. சவுதியில டேங்கர் லாரி ஓட்டுறேன். தண்ணி டேங்கர். அங்க உள்ள பாலைவனத்து ரோட்ட நீங்க பாத்திருக்க மாட்டீங்க. மரம் இல்ல, கட கண்ணி ஒண்ணுமில்ல, ரெண்டு பக்கமும் மணலு. காத்தடிச்சா ரோடும் அந்த மணலுக்குள்ள போயிரும். அதுலயே நான் ஒரு தடவகூட வழி தப்புனதில்ல. கூட இருக்கிறவனுங்க என்னைய ‘மேப்பு’ன்னுதான் கூப்புடுவானுங்க. இத எதுக்குச் சொல்றேன்னு பின்னால தெரியும்.

போன வாரம் வேளாங்கண்ணி கடக்கரைக்குக் குடும்பத்தோட போனோம். அங்க எங்க குடும்பம் மொத்தமும் தொலஞ்சு போச்சு சார். ஆமா, சிரிக்காதீங்க. பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, மச்சினன், அத்தன பேரும் தொலஞ்சு போயிட்டாங்க. நான் ஒருத்தன்தான் தொலையல. ஆனா எங்க ஊரு அறந்தாங்கிப் பக்கம் போயிக் கேட்டீங்கன்னா கதைய அப்படியே திருப்பிப் போட்டுச் சொல்லுவாங்க. அதான் உங்கள மாதிரி சம்பந்தமில்லாத ஆளுகிட்ட சொல்றேன். கேட்டுட்டு நீங்களே நாயத்தச் சொல்லுங்க.

எனக்கு ரெண்டு புள்ளைங்க. மூத்தவன் கவியரசு, நாலாவது படிக்கிறான். அவனப் பத்திக் கவலையில்ல, வந்த அன்னைக்கே பெட்டியத் தொறந்து பாத்துட்டு என் தோள்ல தொத்திக்கிட்டான். சின்னவ பூவிழி. அவதான் சார் பிரச்சன. நான் போறப்ப அவ கைக்கொழந்த. அப்பறம் லீவு தள்ளித் தள்ளிப் போயி, இப்ப வந்து பாத்தா பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு வாசல்ல கோழிய வெரட்டிக்கிட்டு நிக்கிறா. ‘அம்மாடி, அப்பா வந்திருக்கேன்டா’ன்னு கையை நீட்டுனேன். என்னைய மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தா. ‘அம்மா, யாரோ வந்திருக்காங்க’ன்னு கத்திட்டு உள்ள ஓடிட்டா.

யாரோவாம் சார். நான் கட்டுன வீடு.

சரி, வெக்கப்படுது, ரெண்டு நாள்ல ஒட்டிக்கும்னு அமுதவல்லி சொன்னா. அமுதவல்லி எங்க வீட்டுக்காரி. ஒட்டல. அதுகூடப் பரவாயில்ல சார். சாயங்காலம் ஆனா அவ அம்மாகிட்ட போயி, ‘அப்பாகிட்ட பேசணும், போனு போட்டுக் குடு’ங்கறா. நான் அங்கதான் சார் உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருக்கேன். ‘இந்தா இருக்காருல்ல அப்பா’ன்னு அமுதா சொன்னா, ‘இவங்க இல்ல, எங்க அப்பா, போன்ல இருக்கிற அப்பா’ன்னு அழுவுறா. பொறந்ததுலேர்ந்து போனுக்குள்ள செவ்வகமாப் பாத்த மூஞ்சி. திடீர்னு காலு கையோட வந்து நின்னா அந்தப் புள்ள என்ன பண்ணும்?

கடைசியில என்ன பண்ணேன் தெரியுமா? மொட்டமாடிக்குப் போயி நான் போனு போடுவேன். கீழ அவ எடுப்பா. ‘அப்பா, இன்னைக்கு ஆட்டுக்குட்டி என்னைய முட்டிருச்சு. அப்பா, அண்ணன் என் பென்சில ஒடச்சிட்டான்’னு அருவி மாதிரி கொட்டுவா. முத்தங்கூடக் குடுப்பா, அந்தக் கண்ணாடி மேல. ‘அப்பா, வீட்டுக்கு யாரோ ஒரு மாமா வந்திருக்காங்க. போவே மாட்டேங்கறாங்க’ன்னு ஒரு நாளு என்கிட்டயே சொன்னா சார். ‘நல்ல மாமாவா?’ன்னு கேட்டேன். யோசிச்சா. ‘சோறு நெறையா திங்கறாங்க’ன்னா.

நீங்க சிரிக்கிறீங்க. எனக்கும் அப்ப சிரிப்புதான் வந்துச்சு. போன வச்சிட்டு அந்த மாடியிலயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். லீவு முடியறதுக்குள்ள நேருல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அந்த வாயி என்னையப் பாத்து அப்பான்னு சொல்லிடணும். அந்த நெனப்பு தவிர வேற ஒண்ணும் ஓடல சார்.

அப்பத்தான் கடக்கரை யோசனை வந்துச்சு. என் திட்டம் என்னன்னா, அல வந்துச்சுன்னு வைங்க, சின்னப் புள்ளைங்க என்ன பண்ணும்? பயந்துபோயி பக்கத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்களக் கட்டிப் புடிச்சிக்கும். அந்தப் பக்கத்துல நிக்கிற ஆளு நானா இருக்கணும். அவ்வளவுதான். மீதிய கடல் பாத்துக்கும்.

ஆனா ஞாயித்துக்கெழம அங்க கூட்டம் சாஸ்தி. புள்ள குட்டி தொலஞ்சிரக் கூடாதுல்ல? எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. தீவாளிக்கு எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரே பீஸுலதான் துணி எடுப்போம். அவனுக்குச் சட்ட, அவளுக்குக் கவுனு, மிஞ்சுனதுல தலகாணி ஒற. நான் என்ன பண்ணேன், அதையே பெரியவங்களுக்கும் நீட்டிட்டேன். கடைக்குப் போயி, இருக்கறதுலயே தூரத்துலேர்ந்து தெரியுற துணியக் காட்டுப்பான்னேன். இத எடுத்துப் போட்டான். தையக்காரரு அளவெடுக்கறப்பவே, ‘பேண்டு செட்டுக்கா தம்பி?’ன்னு கேட்டாரு. அமுதா செத்தாலும் போட மாட்டேன்னுட்டா. அப்பறம் ரவிக்க மட்டும் போட்டுக்கறேன்னு எறங்கி வந்தா. மச்சினன் பாலகுரு இருக்கானே, அவன் மட்டும் ஆசையா ரெண்டு சட்டையாத் தச்சுக்கிட்டான். அவன் எதுலயும் அப்படித்தான்.

பாலகுருதான் வேன் ஓட்டுனான். நான் முன்னால உக்காந்து ஒழுங்குமொறையெல்லாம் சொல்லிட்டே போனேன். ஒண்ணு, எல்லாரு போனும் அமுதா பையில. உப்புத்தண்ணி பட்டா போனு செத்துரும். ரெண்டாவது, யாராச்சும் கூட்டத்துல பிரிஞ்சிட்டா அங்க இங்க அலையக் கூடாது. ஒரே எடத்துல போயி நிக்கணும். எந்த எடம்னு எறங்குனதும் நான் காட்டுவேன்.

‘மச்சான், நம்ம கடலுக்குத்தான போறோம், பட்டாளத்துக்கு இல்லையே?’ன்னான் பாலகுரு.

எறங்குனதும் காட்டுனேன். நீலக் கொட போட்ட ஐஸ் வண்டி ஒண்ணு நின்னுச்சு. நல்லா எடுப்பா, எங்கேர்ந்து பாத்தாலும் தெரியுற மாதிரி. ‘தொலஞ்சா இந்த ஐஸ் வண்டி. எல்லாரும் சொல்லுங்க’ன்னேன். சொன்னாங்க. பூவிழியும் சொன்னா, ஆனா மாமனப் பாத்து.

தண்ணியில எறங்குனோம். நான் போயி பூவிழி பக்கத்துல சரியா நின்னேன். வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு, கைய லேசா நீட்டுனாப்ல வச்சிக்கிட்டு, தயாரா நிக்கிறேன். அலை வருது சார். பெரிய அல. நான் நெனச்ச மாதிரியே வருது. பூவிழி வீல்னு ஒரு கத்து கத்துனா. என்னையத் தாண்டி, என் காலுக்கு இடையில பூந்து ஓடி, அந்தாண்ட நின்ன பாலகுருவக் கட்டிப் புடிச்சிக்கிட்டா. அவன் அவளத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு, ‘பாத்தீங்களா மச்சான்’னு பல்லக் காட்டுறான். அந்த அலையில என் செருப்பு ஒண்ணு போச்சு.

அடுத்த அலைக்கும் நின்னேன். அதுக்கடுத்த அலைக்கும் நின்னேன். எல்லா அலைக்கும் அவன்தான். கட்டுன சாப்பாட்டப் பிரிச்சா அதுல பாதி மணலு, எலுமிச்சஞ் சோறு நறநறங்குது. அவ அம்மா மடியில உக்காந்துக்கிட்டு, ‘அம்மா, அப்பாவுக்குப் போனு போடு, கடலக் காட்டணும்’ங்கறா. நான் எதிர்ல உக்காந்து மணல மென்னுக்கிட்டிருக்கேன்.

எந்திரிச்சிட்டேன். ஐஸ் வாங்கிக் குடுத்தாலாவது பாக்குமான்னு அந்த நீலக் கொடைக்குப் போனேன். சேமியா ஐஸ், அவளுக்குன்னு ஒண்ணு. வாங்கிட்டுத் திரும்புனா எங்க சனத்தக் காணோம். எங்கேருந்தோ டூரிஸ்டு பஸ்ஸுல வந்த கூட்டம் ஒண்ணு நடுவுல பூந்திருச்சு. அப்படி எட்டிப் பாக்குறேன், இப்படி எட்டிப் பாக்குறேன், ஒரு மஞ்சயும் தெரியல. நான் பதறல. ஏன்னா ஒழுங்குமொற இருக்குல்ல? தொலஞ்சா ஐஸ் வண்டி. நான் ஐஸ் வண்டிப் பக்கத்துலதான் நிக்கிறேன். அவங்க வந்து சேரணும். சரிதான சார்?

கொஞ்ச நேரத்துல ஐஸ்காரரு வண்டியத் தள்ள ஆரம்பிச்சாரு. நானும் கூடப் போனேன்.

ஏன் பாக்குறீங்க? நான் என்ன சொல்லியிருக்கேன்? ஐஸ் வண்டி. அந்த மணலுன்னா சொன்னேன்? வண்டி எங்கயோ நானும் அங்க. நான் ஒரு அடி அந்த வண்டிய விட்டு நகரல சார். இத நான் எந்தக் கோயில்லயும் சூடம் அணச்சுச் சத்தியம் பண்ணுவேன்.

ஐஸ்காரரு திரும்பித் திரும்பிப் பாத்தாரு. ‘அண்ணே, வேற எதுவும் வேணுமா?’

‘ஒண்ணும் வேணாம். நீங்க உங்க வேலையப் பாருங்க.’

‘அப்ப ஏன்ணே பின்னாடியே வர்றீங்க?’

‘குடும்பத்தத் தொலச்சிட்டேன். இங்க வருவாங்க.’

‘இங்கன்னா? நான் அந்தக் கோடி வரைக்கும் போவேன்ணே.’

‘நானும் வர்றேன். அதனால என்ன?’

அவரு நல்ல மனுசன். மேற்கொண்டு ஒண்ணும் கேக்கல. ஈர மணல்ல வண்டி பொதஞ்சுச்சு, நான் ஒரு கை குடுத்துத் தள்ளுனேன். அப்பறம் மணியை என் கையில குடுத்து ஆட்டச் சொன்னாரு. என் சட்டையப் பாத்துட்டு புள்ளைங்க கூட்டங்கூட்டமா ஓடி வருது. ‘ஐஸ்காரரே, எனக்கு ஆரஞ்சு’ங்குது ஒண்ணு. ஒரு அம்மா என்னையப் போயி, நேத்து வாங்குனது உப்புக்கரிச்சுச்சுன்னு சண்டைக்கு வந்துச்சு. நான் என்னம்மா பண்றது, இன்னைக்குத்தான் சேந்திருக்கேன்னேன். யாவாரம் பிச்சுக்கிட்டு போச்சு சார். ஆனா என் கண்ணெல்லாம் மஞ்ச எங்கன்னுதான். கையில பூவிழிக்கு வாங்குன ஐஸு உருகி, முழங்கை வரைக்கும் வழிஞ்சு, கடைசியில வெறும் குச்சி. அந்தக் குச்சியக் கீழ போட மனசு வரல, வச்சிருந்தேன்.

அப்பத்தான் மைக்குல சத்தம் வருது. கடக்கரையில போலீசு கொட்டாயி ஒண்ணு இருக்குல்ல, காணாமப் போன புள்ளைங்கள வச்சிக்கிட்டு அறிவிப்பாங்கள்ல, அங்கேர்ந்து. ‘அறந்தாங்கியிலிருந்து வந்திருக்கும் பூவிழி, வயது நாலு...’

அதுக்கு மேல என் காதுல ஒண்ணும் விழல சார். என் புள்ள தொலஞ்சு போச்சு. இத்தன பெரிய கடலு பக்கத்துல. யாருகிட்டயும் சட்டுனு போகாத புள்ள, பயந்த புள்ள. கூட்டத்துல நின்னு அழுதா அது யாரத் தேடும்? போன்ல இருக்கிற அப்பாவத்தான் தேடும். ஓடுனேன் பாருங்க, ஒத்தச் செருப்போட, குதிரக்காரனத் தள்ளி விட்டுட்டு, வறுத்த மீனு கடைக்குள்ள பூந்து. பின்னால ஐஸ்காரரு ‘அண்ணே மணி, அண்ணே மணி’ன்னு கத்திக்கிட்டே வர்றாரு. நான் மணிய ஆட்டிக்கிட்டேதான் ஓடியிருக்கேன், எனக்குத் தெரியவே இல்ல.

போயி நின்னா, மேச மேல பூவிழி உக்காந்திருக்கா. கையில பிஸ்கட்டு. பக்கத்துல அமுதா, கண்ணெல்லாம் செவந்து. கவியரசு இருக்கான். பாலகுரு வாயப் பொத்திக்கிட்டுத் தோளு குலுங்க நிக்கிறான். எனக்கு ஒண்ணும் புரியல. எல்லாரும் இருக்காங்களே, அப்ப தொலஞ்சது யாரு?

போலீசு அம்மா ஒருத்தங்க. என்னைய ஏற எறங்கப் பாத்தாங்க. மணி, குச்சி, ஒத்தச் செருப்பு. அப்பறம் குனிஞ்சு, ‘பாப்பா, இவருதானா?’ன்னு கேட்டாங்க.

பூவிழி ஒடனே சொல்லல சார். மேசையிலேர்ந்து எறங்குனா. கவுனு ஓரத்தப் புடிச்சிக்கிட்டு என்கிட்ட வந்தா. என் சட்டையக் கீழ இழுத்து, அதுக்குப் பக்கத்துல தன் கவுன வச்சு, அன்னாசிப் பழம் அன்னாசிப் பழத்தோட சேருதான்னு பாத்தா. நிமுந்து என் மூஞ்சியப் பாத்தா. போன்ல பாக்குற மாதிரியே, தலையக் கொஞ்சம் சாச்சு.

‘ஆமா. எங்க அப்பாதான்’னா.

நான் அழுவல. வேர்வ. ஓடி வந்தவனுக்கு வேர்க்காதா? அமுதா வேற மாதிரி சொல்லுவா, நம்பாதீங்க.

அப்பறம் கத்துனேன் பாருங்க எல்லாரையும். ‘ஒழுங்குமொற சொன்னேனா இல்லையா? ஐஸ் வண்டிக்கு வராம எங்கய்யா போனீங்க?’ன்னு. பாலகுரு சொல்றான், ‘மச்சான், நாங்க அந்த எடத்துலதான் நின்னோம், வண்டியத்தான் காணோம், உங்களையும் காணோம்’னு. எடத்துல நிக்க யாரு சொன்னா? வண்டியில நிக்கத்தான சொன்னேன்? நாலு பேரு சேந்து தொலஞ்சா அதுக்குப் பேரு தொலையறது இல்லையா? போலீசு அம்மா அதுக்குள்ள தலையிட்டு, ‘சார், போதும். இனிமேயாவது புள்ள கையப் புடிச்சிக்கிட்டே நடங்க’ன்னாங்க. என்கிட்ட சொன்னாங்களா அவகிட்ட சொன்னாங்களான்னு தெரியல. பூவிழி என் ஆள்காட்டி விரலப் புடிச்சிக்கிட்டா. வேன் வரைக்கும் விடல. பயந்து போயிருந்திருக்கு, பாவம்.

திரும்பி வர்ற வழியில அமுதா சொன்னா. என்னையக் காணோம்னதும் அவ என் நம்பருக்குப் போனு போட்டிருக்கா. அவ பையிலயே அடிச்சிருக்கு. பூவிழி பைக்குள்ள கைய விட்டு எடுத்துப் பாத்திருக்கா. அவ அப்பாவோட போனு. அதுக்குள்ள அப்பா இல்ல. ‘அம்மா, அப்பா போனு இங்க இருக்கு, அப்ப அப்பா எங்க?’ன்னு கேட்டுச்சாம். ‘அவருதான்டி காணாமப் போயிட்டாரு, மஞ்சச் சட்ட போட்டுக்கிட்டு’ன்னு அமுதா சொன்னதும், குனிஞ்சு தன் கவுனப் பாத்துச்சாம். அப்பறம் தரையில உருண்டு அழுது, எங்கப்பா தொலஞ்சிட்டாங்க எங்கப்பா தொலஞ்சிட்டாங்கன்னு, போலீசுக்கு இழுத்துட்டுப் போனதே அவதானாம். மைக்குல சொன்னதும் அதான். புள்ளைக்கு அப்பாவக் காணோம்னு. நான்தான் பாதியிலயே ஓட ஆரம்பிச்சிட்டேன். இதுலேர்ந்து என்ன தெரியுதுன்னா சார், என் போன அவ பையில போட்டது சரியான யோசன. எல்லாம் என் திட்டப்படிதான் நடந்திருக்கு.

அன்னையிலேர்ந்து என்னைய விடுறதில்ல சார். கொல்லப்பக்கம் போனாலும் பின்னாடியே வருவா. கடத்தெருவுக்குப் போனா வெரலப் புடிச்சிக்குவா. ‘தொலஞ்சிடப் போறீங்க அப்பா’ங்கறா. என்னைய! மேப்புங்கற பேரு வாங்குனவன! அந்தப் போலீசு அம்மா அவகிட்ட ஏதோ சொல்லிக் குடுத்திருக்காங்க. தொலஞ்சா நின்ன எடத்துலயே நிக்கணும், தேடுறவங்கதான் வரணும்னு. எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. இருந்தாலும் சின்னப் புள்ளகிட்ட என்ன வாதாடுறது?

இன்னைக்குக் காலையில நான் நல்ல வெள்ளச் சட்ட எடுத்து வச்சிருந்தேன். ஏர்போர்ட்டுக்குல்ல. குளிச்சிட்டு வந்தா அதக் காணோம், இதுதான் கட்டில் மேல மடிச்சிக் கெடக்கு. மடிச்சது யாருன்னு பாத்த ஒடனே தெரியும், சுருட்டித்தான் வச்சிருந்தா. ‘இதப் போட்டுக்கிட்டுப் போங்க அப்பா. அங்க கூட்டமா இருக்கும்’னா. அழுவல சார் அவ. நானும் எடுத்துப் போட்டுக்கிட்டேன். காட்டன்தான, காத்தோட்டமா இருக்கும்.

இருங்க சார், போனு அடிக்குது. வீட்டுலேர்ந்துதான். பஸ் ஏறுனதுலேர்ந்து இது மூணாவதோ நாலாவதோ. சார், ஒரு ஒத்தாசை, இந்தப் போனக் கொஞ்சம் எட்டப் புடிங்களேன். மூஞ்சி மட்டும் தெரிஞ்சா ஒத்துக்க மாட்டா, சட்டையும் முழுசாத் தெரியணும். ஆங், அப்படித்தான்.

என்னடா தங்கம்? இந்தா பாரு, போட்டிருக்கேன். பழம் தெரியுதா? ரெண்டு கையும் தெரியுதா? இது யாரா? இவங்க பஸ்ஸுல வர்ற மாமா, அப்பாவப் பாத்துக்கறாங்க. தொலையலடா, பஸ்ஸுலதான் இருக்கேன். சரி, சொல்றேன். தொலஞ்சா நின்ன எடத்துலயே நிப்பேன். இல்லம்மா, எந்த வண்டி பின்னாடியும் போவ மாட்டேன். சத்தியமா. எவ்வளவு நேரம் ஆனாலும் அங்கயே நிப்பேன்டா. நீ வந்து அப்பாவக் கூட்டிட்டுப் போ.